பினாங்குப் பொட்டியும் சக்கரப் பெட்டியும்

திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலையில் என் சின்ன வயதில் பூட்டு என்ற பொருளை மூன்றே இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் கதவில் ஒன்று, அதே கோயில் உண்டியலில் ஒன்று, பினாங்கிலிருந்து வந்த எங்கள் பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒன்று. முதல் இரண்டும் சாமி சொத்து. மூன்றாவதற்குள் என்ன இருந்தது என்பது, அவராகத் திறந்து காட்டும்வரை, பெரியப்பாவுக்கும் சாமிக்கும் மட்டுமே தெரியும்.

மற்ற வீடுகளுக்குக் கதவு உண்டு, பூட்டு கிடையாது. நாதாங்கியில் ஒரு குச்சியைச் செருகிவிட்டுக் கழனிக்குப் போய்விடுவார்கள். குச்சி வெளிப்பக்கம் இருந்தால் உள்ளே ஆள் இல்லை. திருடனுக்கு நாங்களே தகவல் சொல்லிவிட்டுப் போன மாதிரிதான். இருந்தும் யாரும் வந்ததில்லை. வந்தாலும் இரண்டு மூட்டை கேழ்வரகையும் அடுக்குப் பானையையும் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் ஓட முடியும்?

கார்த்திகை தீபம் வந்தால் செங்கம் பக்கத்து ஊர்ச் சனங்கள் எங்கள் திண்ணையில்தான் வந்து இறங்குவார்கள். “யக்கா, இத்த கொஞ்சம் பாத்துக்கோ, மலைய சுத்திட்டு வந்துடறோம்” என்று மூட்டையை எங்கள் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், தள்ளிவிட்டு நடக்கத் தொடங்குவார்கள். பாதை 14 கிலோமீட்டர். கூட்டத்தில் நசுங்கி, வழியில் லிங்கத்துக்கு லிங்கம் நின்று கும்பிட்டு, அவர்கள் திரும்பும்போது விடிந்திருக்கும். மூட்டைக்குள் கட்டுச்சோறு, மாற்றுப் புடவை, சிலசமயம் ஆடு விற்ற காசும் இருக்கும். பெயர் எழுதியிருக்காது, சீட்டும் கிடையாது. ஆளுக்கொரு விதமாக முடிச்சுப் போட்டிருப்பார்கள். காலையில் அந்த முடிச்சைப் பார்த்து அவரவர் மூட்டையை எடுத்துக்கொண்டு, ஆயாவுக்கு ஒரு கை பொரியும் கொடுத்துவிட்டுப் போவார்கள். மூட்டை மாறிப்போனதாக ஒரு சண்டையும் வந்து நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் பெரியப்பா தன் பெட்டியோடு வருவார்.

அவர் வந்தது ரஜுலா கப்பலில். 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல் அது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்குச் சொந்தம். சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று அப்போது பெயர் கொண்டிருந்த கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று போய்வரும். ஐம்பது வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக அந்தக் கப்பல் ஏற்றி இறக்கிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஏராளம். பெரியப்பா டெக் பாசஞ்சர். அறை கிடையாது, கட்டிலும் கிடையாது. பாயை விரித்த இடம் படுக்கை, பெட்டியை வைத்த இடம் சுவர். பெட்டி சாய்மானமும் ஆகும், சாப்பிட மேஜையும் ஆகும், சீட்டு ஆட பெஞ்சும் ஆகும். அதன் மேலேயே உட்கார்ந்து, அதன் மேலேயே தலைவைத்துத் தூங்கிக்கொண்டு வருகிற பெட்டிக்குத்தான் அவர் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு போட்டிருந்தார்.

அந்தப் பூட்டை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஒரு கிலோ தேறும். மாங்காய் வடிவம், பித்தளை மினுமினுப்பு, சாவித் துளைக்கு மேலே ஒரு மூடி. மூடியை ஒதுக்கிவிட்டு, விரல் நீளச் சாவியைப் போட்டுத் திருப்பினால் உள்ளே லீவர்கள் ஒவ்வொன்றாக நகரும் சத்தம் கேட்கும். திண்டுக்கல்லில் ஒவ்வொரு பூட்டையும் கையால் அறுத்து, ராவி, அதற்கென்று தனிச்சாவி செய்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்த நேரத்தில் பட்டறைகள்தான் குறைந்துபோயிருந்தன. பெரியப்பாவின் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும். குளிக்கும்போதும் கழற்றமாட்டார்.

ஆயாவுக்கு இது பொறுக்காது.

“ஏன்டா, நடுக்கடல்ல எவன் திருடிட்டு எங்கடா ஓடுவான்?”

“ஓட வேணாம்மா. கப்பல்லயே குந்தினு இருந்தா போதும்” என்பார் பெரியப்பா.

இந்தப் பதிலில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்தப் பூட்டைத் தொட்டது திருடன் அல்ல, கஸ்டம்ஸ்காரர்தான். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியதும் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். வேட்டியைத் தூக்கிச் சாவியைக் கண்டுபிடித்துத் திறப்பதற்குள் பின்னால் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். அதிகாரி இரண்டு கையையும் உள்ளே விட்டுத் துழாவிவிட்டு, மூடியின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டைப் பெரியப்பா ஊர் வந்து சேர்ந்த பிறகும் அழிக்க விடமாட்டார். பஸ்ஸின் கூரையிலும் மாட்டு வண்டியிலும் வந்த பெட்டியில் பாதி கோடு அழிந்திருக்கும். மீதிப் பாதியைத் துடைக்கப்போன என் கையில் ஒருமுறை அடி விழுந்தது. சர்க்கார் பார்த்து அனுப்பிய சரக்கு என்பதற்கு அதுதானே சாட்சி.

கூடத்தில் பெட்டியைத் திறக்கும்போது தெருவே வாசலில் நிற்கும். முதலில் கோடாலித் தைலத்தின் வாசனை வரும். பிறகு கைலிகள், ஒரு குடை, டார்ச் லைட், தகர டப்பாவில் பிஸ்கட், சோப்பு. அவ்வளவுதான். தைலம் ஆளுக்கொரு குப்பி போய்ச் சேர்ந்ததும் கூட்டம் கலையும். மறுநாள் பெட்டி காலி. ஆனால் மறுபடியும் பூட்டித்தான் வைப்பார். காலிப் பெட்டிக்கு எதற்குப் பூட்டு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பூட்டு தொங்கும்வரைதான் அது பினாங்குப் பெட்டி, திறந்துவிட்டால் வெறும் தகரம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கல்யாணமாகாத இரண்டு தங்கைகள் இருந்த வீட்டில் அந்தப் பூட்டு செய்த வேலை கொஞ்சநஞ்சமல்ல.

ஆயா இதற்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தார்: சாமி ஆசிரமத்தில் திருடன் வந்த கதை. எங்கள் ஊருக்கு முன்னால், மலையின் தென்புறத்தில் இருக்கிறது ரமணாசிரமம். 1924 ஜூன் 26ஆம் தேதி இரவு அங்கே திருடர்கள் புகுந்தார்கள். அப்போது ஆசிரமம் என்றால் கூரைக் கொட்டகைதான். உள்ளே வந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ரமணர் சொல்லியும் அவர்கள் நம்பவில்லை. அவரையும் தொடையில் அடித்தார்கள். விளக்கு கேட்டார்கள், ஏற்றிக் கொடுக்கப்பட்டது. அலமாரிச் சாவி கேட்டார்கள். அது சீடர் குஞ்சு சுவாமியிடம் இருந்தது, அவரோ உதவிக்கு ஆள் தேடி டவுனுக்குப் போயிருந்தார். ஆகவே அலமாரியை உடைத்தார்கள். கிடைத்தது சில வெள்ளித் தகடுகள், கொஞ்சம் அரிசி, சில மாம்பழங்கள். “பூட்னதாலதான்டா ஒடச்சான்” என்று ஆயா முடிப்பார். இதே கதையிலிருந்து பெரியப்பா எடுத்துக்கொண்ட பாடம் வேறு. இன்னும் நல்ல பூட்டாகப் போட்டிருக்கலாம் என்பார்.

ரஜுலா ஓய்ந்த பிறகு அதே தடத்தில் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில், சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் அது தீப்பிடித்தது. பயணிகள் பலர் இறந்தார்கள். சென்னை–சிங்கப்பூர் பயணிகள் கப்பலின் கதை அதோடு முடிந்தது. பெரியப்பாவும் அதற்குமேல் வரவில்லை. பெட்டி வந்தது, பூட்டோடு. சாவி வரவில்லை.

என் காலம் சங்கிலியின் காலம். ரயில் ஏறினால் சீட்டுக்கு அடியில் இருக்கும் வளையத்தில் சங்கிலியைக் கோத்து, பெட்டியின் கைப்பிடி வழியாக இழுத்துப் பூட்ட வேண்டும். சென்ட்ரல் பிளாட்பாரத்தில் சங்கிலி விற்பவர் ஜன்னலுக்கு ஜன்னல் வந்து, “சார், நேத்து இதே வண்டியில...” என்று ஆரம்பிப்பார். வாக்கியத்தை முடிக்கமாட்டார். முடிக்கத் தேவையில்லை, சங்கிலி விற்றுவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், பெட்டியை இப்படிக் கட்டிப்போட்ட மனிதர்கள் பர்ஸ் இருக்கும் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுத் தூங்குவார்கள்.

பிறகு மகன் சிங்கப்பூர் போனான். நாங்களும் விமானத்துக்குப் பழகினோம். சக்கரம் வைத்த பெட்டிகள் வந்தன, நம்பர் பூட்டு வந்தது. போன வருஷம் என் சம்பந்தி கோயம்புத்தூரில் புதுப்பெட்டி வாங்கினார். பூட்டில் மூன்று எண் சக்கரங்கள், பக்கத்தில் சிவப்பாக ஒரு சின்ன டைமண்ட் குறி, அதன் அருகே ‘டிஎஸ்ஏ 007’ என்ற எழுத்து, கூடவே ஒரு சாவித் துளை. சாவி மட்டும் இல்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடியும் கிடைக்காமல் கடைக்கே திரும்பிப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார்.

“சார், அந்தச் சாவி கஸ்டமருக்குக் குடுக்கறதில்லைங்க. அமெரிக்கா கவர்மெண்டுகிட்ட இருக்குதுங்க.”

“ஏனுங்க, பொட்டி நான் வாங்கறேன், சாவி அவங்ககிட்டயா?”

கடைக்காரர் சொன்னது உண்மைதான். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் விமானத்தில் ஏற்றும் எல்லாப் பெட்டிகளையும் சோதிக்கத் தொடங்கினார்கள். சந்தேகம் வந்தால் பூட்டை உடைக்காமல் திறக்க, அதிகாரிகளிடம் பொதுச்சாவிகளைக் கொடுத்து வைத்தார்கள். அந்தப் பொதுச்சாவிகளின் படம் 2014இல் ஓர் அமெரிக்க நாளிதழில் வெளிவந்தது. மறு வருஷமே, அந்தப் படத்தை வைத்து முப்பரிமாண அச்சில் சாவி செய்யும் வரைபடத்தை ஆட்கள் ஊர் உலகத்துக்கெல்லாம் பகிர்ந்துவிட்டார்கள். அமெரிக்காவுக்கே போகாத சம்பந்தியின் பெட்டிக்கு இன்று எத்தனை சாவி, யார் யார் கையில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

மிச்சமிருந்த நம்பிக்கையை என் பேரன் கெடுத்தான். சம்பந்தியின் பூட்டிய பெட்டியை மல்லாக்கப் போட்டான். பால்பாயின்ட் பேனாவின் முனையை ஜிப்பின் பற்களுக்கு நடுவே வைத்து ஓர் அழுத்து அழுத்தினான். பற்கள் பிரிந்து வழிவிட்டன. பேனாவை இழுத்துக்கொண்டே போனான், பெட்டி வாய் பிளந்தது. உள்ளே கை விட்டு ஒரு சட்டையை எடுத்தான். பிறகு பூட்டோடு சேர்ந்திருந்த ஜிப் இழுப்பானை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓட்டினான். பற்கள் கூடிக்கொண்டன, பெட்டி பழையபடி ஆனது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. எண் மூன்றும் சம்பந்தி வைத்த இடத்திலேயே நின்றன.

“உங்க பெரியப்பா பொட்டிய இப்படித் திறக்க முடியுமா தாத்தா?” என்று கேட்டான். முடியாது. ஆனால் அதைத் திறப்பதற்கு அவசியமும் இருந்ததில்லை.

அந்தப் பெட்டியோடு நாங்கள் போன கப்பல் பயணம் மகன் ஏற்பாடு. சிங்கப்பூர் மரினா பேயில் 2012இல் திறந்த பயணிகள் கப்பல் முனையத்தில் ஏறி, பினாங்கு போய்த் திரும்புகிற உல்லாசக் கப்பல். பெரியப்பா வியர்வையோடு போன தடத்தில், அதுவும் தலைகீழாக, நாங்கள் குளிர்சாதனத்தில் போனோம். கிளம்பும் முன்பே வீட்டில் விவாதம் தொடங்கிவிட்டது: கப்பலில் ஒப்படைக்கிற பெட்டியைப் பூட்டலாமா, கூடாதா?

சம்பந்தி பூட்டுக் கட்சி. என் மனைவி, “ஏங்க, பூட்டாம குடுத்தா நாலு பேர் கையில போகாதா?” என்று அவர் பக்கம் சாய்ந்தாள். மருமகள்தான், “கப்பல்ல எடுத்துட்டு எங்க மாமா ஓடப்போறாங்க?” என்றாள். ஆயாவை அவள் பார்த்ததே இல்லை.

நடைமுறை இதுதான். அறை எண் அச்சிட்ட சீட்டை வீட்டிலேயே பிரின்ட் எடுத்து மடித்துக் கைப்பிடியில் ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும். முனைய வாசலில் பெட்டியைச் சுமைதூக்குபவரிடம் கொடுத்துவிட்டு நாம் கைப்பையோடு மேலே போய்விடலாம். பெட்டி எக்ஸ்ரேக்குள் போய், பெரிய இரும்புக் கூண்டில் ஏறி, கப்பலின் வயிற்றுக்குள் போய், எப்போதோ ஒரு நேரத்தில் நம் அறை வாசலில் வந்து நிற்கும். கதவைத் தட்டிக் கொடுக்கமாட்டார்கள். நடைகூடத்தில் அது பாட்டுக்கு நிற்கும். நாம் நீச்சல் குளத்தருகே ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நூறு பேர் அதைத் தாண்டிப் போவார்கள்.

எங்கள் பெட்டி மாலையில் வந்தது. பூட்டவில்லை. கைப்பிடியில் என் மனைவி தன் பழைய சுங்குடிச் சேலையின் கரையைக் கிழித்து முடிச்சுப் போட்டிருந்ததால் தூரத்திலேயே தெரிந்தது. சம்பந்தியின் பெட்டி வரவில்லை. இரவுச் சாப்பாடு ஆயிற்று, வரவில்லை. நிலைமை மோசம் என்று அவர் முடிவுகட்டிய நேரத்தில் அறைக்கு ஒரு சீட்டு வந்தது: கீழ்த்தளத்தில் பாதுகாப்பு அறைக்கு வந்து பெட்டியைத் திறந்து காட்டவும்.

நானும் கூடப் போனேன். அந்த அறை ஒரு கண்காட்சி. சிறையில் வைத்த மாதிரி முப்பது நாற்பது பெட்டிகள் வரிசையாக நின்றன. மேஜையில் இஸ்திரிப் பெட்டிகள், மின்சாரக் கெட்டில்கள், ஒரு ரைஸ் குக்கர், மதுப்புட்டிகள், சீட்டு ஒட்டிய எக்ஸ்டென்ஷன் ஒயர்கள். ஒவ்வொரு பெட்டிக்காரரும் எண்ணைத் திருப்பித் திறந்து, உள்ளிருக்கும் குற்றத்தைத் தானே எடுத்து நீட்டினார். சம்பந்தியின் பெட்டியிலிருந்து வந்தவை ஓர் இஸ்திரிப் பெட்டி, சிங்கப்பூர் தேக்காவில் வாங்கிய கற்பூரம் ஒரு பொட்டலம், தீப்பெட்டி இரண்டு. வெள்ளிக்கிழமைக்குச் சம்பந்தியம்மா விளக்கேற்றுவார்களாம். காவலர் கோபிக்கவில்லை. கற்பூரத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “ஃபயர், சார், ஃபயர்” என்றார், அவ்வளவே. இஸ்திரிப் பெட்டிக்கு ரசீது தந்தார், இறங்கும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று.

கடலில் போகும் இரும்பு ஊருக்குத் திருடனைவிடத் தீதான் பயம். சிதம்பரம் கப்பலை அறிந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தீப்பிடித்தால் ஓட இடமில்லை என்பது திருடனுக்கும் பயணிக்கும் பொது. ஆகவே எக்ஸ்ரேயில் கம்பிச் சுருளோ புட்டியோ தெரிந்தால் பெட்டி நிற்கும். பூட்டில்லாத பெட்டியானால் சில கப்பல்களில் அவர்களே அந்தப் பொருளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, துண்டுச்சீட்டு போட்டுப் பெட்டியை அனுப்பிவிடுவதும் உண்டு. பூட்டியிருந்தால் சொந்தக்காரர் வந்தாக வேண்டும். பெரியப்பாவின் மாங்காய்ப் பூட்டும் சம்பந்தியின் 007உம் கடைசியில் ஒரே வேலையைத்தான் செய்தன. இரண்டும் சொந்தக்காரரை அதிகாரி முன்னால் வந்து நிற்க வைத்தன. சாக்பீஸ் கோடு மட்டும் இப்போது போடுவதில்லை.

பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் பியரில் இறங்கினோம். பெரியப்பா ஒரு வாரம்போல அலையில் வாந்தியெடுத்து வந்து சேர்ந்த ஊரில், நாங்கள் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு மாலைக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட்டோம். கோடாலித் தைலம் வாங்கலாம் என்றேன். “அது நம்ம தேரடித் தெருவுலயே கிடைக்குதேங்க” என்றாள் மனைவி.

இறங்குவதற்கு முந்தின இரவு பெட்டிகளை மறுபடியும் வாசலில் வைக்க வேண்டும், இரவோடிரவாக எடுத்துப் போவார்கள். தூக்கம் வராமல் நடைகூடத்தில் நடந்தேன். கண்ணுக்கெட்டிய தூரம்வரை பெட்டிகள், காவலுக்கு ஒருவரும் இல்லை. பாதிக்கு மேல் பூட்டில்லாதவை. கைப்பிடிகளில் ரிப்பன், கலர் டேப், கைக்குட்டை, ஒன்றில் குழந்தையின் காலுறை. உள்ளே என்ன இருக்கும்? அழுக்குத் துணி. பாஸ்போர்ட், போன், கார்டு எல்லாம் அவரவர் தலையணைப் பக்கத்தில். நகை அறைக்குள்ளேயே இருக்கும் சின்ன இரும்புப் பெட்டகத்தில். மதிப்புள்ள எதையும் பெட்டியில் வைக்காத காலத்தில், பெட்டிக்கு இவ்வளவு பூட்டு விற்கிறார்கள் என்பதை நினைத்தால் திண்டுக்கல்காரர்களுக்காக வருத்தமாக இருக்கிறது.

நடுக்கடலில் இப்படித் திறந்துபோட்டுவிட்டு ஊர் திரும்பி, என் வீட்டுக்குள் நுழைய எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது. திண்ணையை இடித்துவிட்டோம். இப்போது அங்கே இரும்பு கேட், அதற்கு ஒரு பூட்டு, கிரில்லுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, எல்லாவற்றையும் பார்க்க ஒரு கேமரா. தொண்ணூறுகளிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் சனம் சுற்றுகிறது. கிரிவலப் பாதையோரம் நிலம் தங்க விலை ஆகிவிட்டது. யாராவது மூட்டையை நீட்டி, “பாத்துக்கோ” என்றால் வாங்கும் தைரியம் இந்தத் தெருவில் எவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. கிரிவலம் வருகிறவர்களும் தெளிந்துவிட்டார்கள். ஒற்றைச் செருப்பை ஒரு மரத்தடியிலும் அதன் ஜோடியை எதிர்ச் சாரியிலும் விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறேன். என் பார்வைக்கு, நான் கண்ட பூட்டுகளிலேயே இதுதான் சிறந்தது. செலவும் இல்லை, சாவியும் இல்லை.

பெட்டியைப் பூட்டலாமா என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். விமானத்துக்கு ஒரு பூட்டு இருந்துவிட்டுப் போகட்டும், ஜிப் தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்கவாவது உதவும். கப்பல் முனையத்தில் ஒப்படைக்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், கற்பூரம், தீப்பெட்டி நான்கையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பணம், நகை தொலைந்தால் பொறுப்பில்லை என்று பயணச்சீட்டின் விதிகளில் பொதுவாக எழுதியிருப்பார்கள், படித்துப் பாருங்கள். பாஸ்போர்ட், மாத்திரை, மூக்குக் கண்ணாடி, ஒரு மாற்றுத் துணி இவை கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டி அறை வாசலுக்கு வந்து சேர சிலசமயம் இரவாகிவிடும்.